வகுப்புப் படத்தில் என் மகள்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் கடைவீதியில் நான் வேலை செய்கிற ஸ்டூடியோவில் ஒரு கறுப்புக் கோட்டு இருக்கிறது. படம் எடுத்துக்கொள்ள வருகிற ஆண்கள் எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து சாரமும் சட்டையுமாக இறங்கி வருகிறவர், உள்ளே வந்ததும் ஆணியில் தொங்கும் கோட்டை எடுத்து மாட்டி, மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். குள்ளமானவருக்குக் கை நீளமாக இருக்கும், பருத்தவருக்குப் பொத்தான் எட்டாது. முதுகுப் பக்கம் ஊசி குத்திச் சரிசெய்வோம். கொட்டகலைக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தபோது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் வீட்டுக்கு வீடு சுவரில் அந்த ஒரே கோட்டைப் பார்த்தேன். அண்ணன், தம்பி, சம்பந்தி, ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள், போன வருஷம் செத்துப்போனவர் எல்லோரும் அதே கோட்டுக்குள் இருந்தார்கள். கழுத்துப் பட்டையில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று உண்டு. ஒவ்வொரு படத்திலும் அதை அடைத்தவன் நான்தான்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுப்பது முதலாளி ஹமீது நானா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். எடுத்த ஃபிலிமை வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, ஊசி முனைபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, முகத்தில் இருக்கும் சுருக்கம், மரு, அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் மறைப்பது என் வேலை. ரீடச் என்று சொல்வோம். அதோடு பழைய படங்களைப் பெரிதாக்கி வண்ணம் தீட்டிக் கொடுப்பதும் நான்தான். இதையெல்லாம் திருச்சியில் ஒரு ஸ்டூடியோவில் கற்றுக்கொண்டேன். அங்கே வெயில் பொல்லாதது. உட்கார்ந்தவர்கள் கண்ணைச் சுருக்கிவிடாமல் இருக்கத் திரைமேல் திரை போட்டு வெளிச்சத்தைக் குறைப்போம். இங்கே கூரையில் கண்ணாடி பதித்து, பனிமூட்டம் விலகுகிற அரை மணி நேரத்துக்காக வாடிக்கையாளரையும் உட்காரவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருப்போம். வந்த முதல் மாதம், இப்படி வெளிச்சத்துக்குக் காத்துக்கிடக்கிற ஊரில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று மனைவிக்கு எழுதினேன். பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது.

புறப்படும்போது என் மகள் கமலத்துக்குப் பதினொரு மாதம். கப்பலேறுவதற்கு முந்தின வாரம், முசிறிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து அவளைத் திருச்சிக்குத் தூக்கிப்போய் நானே ஒரு படம் எடுத்தேன். ஒரு கையை மேசைமேல் ஊன்றி, மறுகையை வாயில் வைத்துக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் இருந்த என்னைத் தேடுகிற பார்வை. நான் இங்கே வந்து சேர்ந்த இரண்டாம் மாதம் பிள்ளைக்கு அம்மை வார்த்துவிட்டது. பிழைத்ததே பெரிது என்று எழுதியிருந்தாள் என் மனைவி செல்லம்மாள். படம் எடுத்ததால்தான் கண்பட்டது என்று அவளுக்கு ஒரே நம்பிக்கை. "இனிமே எம்பிள்ளைய எந்தப் பொட்டிக்கு முன்னாலயும் நிறுத்தமாட்டேன்னு ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டேன். நீங்க கேக்காதீங்க" என்று யாரிடமோ சொல்லி எழுதச் செய்திருந்தாள். நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம்தான்.

அதற்குள் இங்கே சட்டங்கள் மாறிவிட்டன. இந்தியாவிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களுக்குத் தற்காலிக வதிவிட அனுமதி என்று ஒரு தாள். தவணை முடியும்போதெல்லாம் அதைப் புதுப்பிக்க வேண்டும். ஊருக்குப் போனால் திரும்பி வரவிடுவார்களா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்து கடைவீதியிலிருந்து தாய் சாவுக்குப் போனவர் ஒருவர் திரும்பவே இல்லை. அவருடைய தையல் மெஷின் இன்னும் ஒரு கடையின் மூலையில் சாக்கு மூடிக் கிடக்கிறது. ஊரில் எங்களுக்கு நிலம் கிடையாது. என் சம்பளம் நின்றால் அங்கே அடுப்பு நின்றுவிடும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன். இங்கே தனிக்கட்டையாக வாழ்கிற என் போன்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பார்க்க முடியாத பிள்ளையை நான் வரைந்து பார்த்தேன். அவள் பிறந்த மாதமான ஐப்பசி வரும்போதெல்லாம் அந்தப் பழைய படத்தை மேசைமேல் நிறுத்தி, பிள்ளைக்கு ஒரு வயது கூட்டி வரைவேன். ஒரு வயதுக் கமலம், இரண்டு வயதுக் கமலம் என்று. அந்தப் படம் இல்லாமல் போயிருந்தால் நான் வெறும் பென்சில் பிடிக்கிற கூலியாகவே இருந்திருப்பேன். அதைப் பார்க்கப் பார்க்கக் கற்பனை ஊறும். வாயில் வைத்த கையை எடுத்துவிட்டால் உதடு எப்படி இருக்கும், பல் விழுந்தால் சிரிப்பு எப்படிக் கோணும் என்று யோசிப்பேன். தெரியாததற்கு ஸ்டூடியோவுக்கு வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். ஆறு வயதுக் கமலத்தின் கழுத்து, மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒரு கங்காணி மகளுடையது. எட்டு வயதின் பின்னல், எதிர்க் கடைக்காரர் பெண்ணுடையது. பத்து வயதில் கன்னத்தில் விழுந்த குழி, திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒருத்தி தன்னோடு கூட்டிவந்த சிறுமியிடமிருந்து எடுத்தது. முகத்தோல் மட்டும் எல்லா வயதிலும் ஒன்றுபோலவே வழவழப்பாக இருந்தது. அம்மை வந்து போனது எனக்குத் தெரியும். ஆனால் என் கையில் இருந்த படம் அதற்கு முன்னால் எடுத்தது. எந்த முகத்திலும் தழும்பை விட்டுவைக்காத கை வேறு.

அந்தக் கையை நம்பாத ஒருத்தியும் வந்தாள். பேச்சாயி என்று பெயர். புருஷன் செத்துப்போயிருந்தான். தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு முன்னால் தோட்டத்து ஆட்களை நிறுத்தி யாரோ ஒரு துரை எப்போதோ எடுத்த பழைய படத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். அதில் அவன் முகம் துவரம்பருப்பு அளவு. அதைப் பெரிதாக்கி, நெற்றியில் இருந்த வெட்டுத் தழும்பை மறைத்து, நானாவின் கோட்டையும் போட்டுவிட்டு, வண்ணம் தீட்டிக் கொடுத்தேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. இவரு யாருங்க?"

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. கொஞ்சம் அழகு பண்ணியிருக்கேன்."

"அந்த மனுசன அழகுக்காகவா நான் கட்டிக்கிட்டேன்? நெத்தியில தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் ஒண்ணு இருக்கும்ங்க. நாங்க கலியாணம் முடிச்ச வருசம் பட்டது. நாந்தான் மஞ்சப்பத்து போட்டேன். அது எங்கங்க?"

எனக்கு எரிச்சல். அவள் எதிரிலேயே ஒரே இழுப்பில் தழும்பைத் திரும்ப வைத்தேன். உடனே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் போன பிறகு நானாவும் நானும் அதைச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் குன்றிப்போகிறது.

போன வருஷம் ஊரிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒரு வகுப்புப் படம். பள்ளிக்கூடத்தில் திடீரென்று எல்லாப் பெண்களையும் வரிசையாக நிற்கவைத்து எடுத்துவிட்டார்களாம். செல்லம்மாளுக்குத் தெரிந்தபோது காரியம் முடிந்துபோயிருந்தது. இப்போதெல்லாம் அவள் சொல்லச் சொல்லக் கமலமே கடிதம் எழுதுகிறாள். கடைசியில் ஒரு வரி, அது அவளுடையது என்று நினைக்கிறேன்: "நான் எங்கே இருக்கிறேன் என்று கண்டுபிடியுங்கள், அப்பா."

நான்கு வரிசை, முப்பத்திரண்டு பெண்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டாவது வரிசையில் நடுவில் நின்றாள். அகன்ற நெற்றி, கன்னத்தில் குழி, தோளில் முன்னால் விழுந்த பின்னல். நான் வரைந்துவைத்திருந்த பன்னிரண்டு வயதுக் கமலம் அப்படியே அச்சாக நின்றாள். பெட்டியைத் திறந்து என் படத்தையும் அந்த முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கடை என்றும் பாராமல் நானாவைக் கட்டிக்கொண்டேன். "பெத்த கண்ணு பிழையா பாக்குமா தம்பி!" என்றார் அவர். அந்த முகத்தைத் தனியாகப் பெரிதாக்கினேன். பாவாடைக்கு மயில்கழுத்து நிறம், ரிப்பனுக்குச் சிவப்பு. பத்து நாள் வேலை. என் வாழ்நாளில் நான் செய்த படங்களில் அதுதான் முதல் தரம். தலைமன்னார் வழியாக ஊருக்குப் போகிற ஒருவரிடம் அட்டைக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினேன். "கண்டுபிடித்துவிட்டேன்" என்று ஒரே வார்த்தை எழுதினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கமலத்தின் கையெழுத்து. அம்மா சொல்லி எழுதியது அல்ல.

"அன்புள்ள அப்பாவுக்கு. நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. அதில் இருப்பது என் வகுப்பு சரோஜா. எங்கள் வாத்தியாரின் மகள். படம் மிகவும் நன்றாக இருந்ததால் அவளிடமே கொடுத்துவிட்டேன். அவர்கள் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அம்மா நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிடுகிறேன். இப்படிக்கு, கமலம்."

தான் எந்தப் பெண் என்று அவள் எழுதவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? மிச்சமிருந்த முகங்களையெல்லாம் நான் மாறி மாறிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றும் என் மகளாக இருந்தது, ஒன்றும் என் மகளாக இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது இவளாக இருக்குமோ என்று தோன்றும், எச்சில் கையோடு எழுந்து ஓடுவேன். பென்சிலைத் தொட முடியவில்லை. குடியுரிமை மனுவுக்குப் படம் வேண்டும் என்று தோட்டத்து ஜனங்கள் வரிசையாக வந்து நின்ற சமயம் அது. தாங்கள் பிறந்த மண்ணிலேயே தாங்கள் யார் என்று காட்டுவதற்காக, அந்தக் கோட்டை ஒருவர் கழற்ற ஒருவர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஃபிலிமில் ஒரு கிழவரின் அம்மைத் தழும்புகள் என்னைப் பார்த்தன. பென்சிலை அவற்றின்மேல் வைத்தேன். முனை சறுக்கிக் கண்ணருகே ஒரு கீறல் விழுந்துவிட்டது. அவர் மறுபடியும் ஏழு மைல் நடந்து வரவேண்டியதாயிற்று.

"தம்பி, பாவம் அந்த மனுசன் என்ன செஞ்சாரு?" என்றார் நானா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஊட்டுக்கு எழுதிக் கேளுங்க. எந்தப் புள்ளன்னு ஒரு வரி எழுதமாட்டாங்களா?"

எழுதினேன், இரண்டு தடவை. மூன்றாவதாக எழுதிய பிறகு செல்லம்மாள் யாரோ பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டு பதில் எழுதச் செய்திருந்தாள். கமலத்துக்குத் தெரியாமல் எழுதியது.

"மூணாவது வரிசையில வலது கைப் பக்கமா கடைசிக்கு முந்தி நிக்கிறவதான் உங்க மக. மூஞ்சி தெரியாது. வாத்தியார் நிமிரு நிமிருன்னு சொல்லியும் படம் புடிக்கிற நேரத்துல குனிஞ்சுக்கிட்டாளாம். தழும்பு படத்துல விழுந்திரும்னு. அவளுக்கு மூஞ்சி பூரா இருக்குங்க. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு நான் எழுதல. கண்டுபுடிங்கன்னு எழுதினது அவதான். மூஞ்சி தெரியாட்டியும் அப்பாவுக்குத் தெரியும்னு சொன்னா."

கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். எண்ணெய் வைத்து வாரிய தலை, நேரான வகிடு, கொஞ்சம் காது. அவ்வளவுதான். முகத்துக்காகத் தேடியவன், முகம் இல்லாத அந்த ஒருத்தியை மட்டும் முதல் நாளிலிருந்தே தாண்டிப் போயிருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக வரைந்த படங்களை எடுத்துப் பரப்பினேன். மஸ்கெலியாக் கழுத்தும் திம்புள்ளைக் கன்னமுமாக, இந்த மலைகளில் பிறந்த யாரோ ஒரு பெண் பன்னிரண்டு தடவை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவற்றைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. அவளையும் நான்தானே வளர்த்திருக்கிறேன்.

எப்படியாவது பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது. தாயையும் மகளையும் ஒரு மாதம் இங்கே வரவழைக்க அனுமதி கேட்கலாம் என்றார்கள். நானாவே விண்ணப்பப் பாரம் வாங்கி நிரப்பித் தந்தார். கொழும்பில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பிள்ளையின் படம் இணைக்க வேண்டும் என்றிருந்தது. என்னிடம் இருந்தது அந்த வகுப்புப் படம்தான். குமாஸ்தா சிங்களவர், நடுத்தர வயது, நல்ல மனிதர். இங்கிலீஷில் பேசினார். இதில் உன் மகள் யார் என்று கேட்டார். நான் விரலை வைத்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கோ மூண?" என்றார், தன்னை மறந்து சிங்களத்தில்.

"ஆமா சார், மூணு. மூணாவது வரிசை" என்று மூன்று விரலைக் காட்டினேன்.

அவர் தலையை ஆட்டி, "மூண, மூண" என்று தன் கன்னத்தைத் தொட்டார். மூன்று பிள்ளைகளா என்று கேட்கிறாராக்கும் என்று எனக்குப் பயம். "இல்ல சார், ஒண்ணுதான். எனக்கு ஒரே பிள்ளை" என்று கும்பிட்டேன்.

வாசலில் நின்ற தமிழ்ப் பியோன் உள்ளே வந்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, மூணு இல்லீங்க. முகம். முகம் எங்கன்னு கேக்கிறாரு."

முகத்தோடேயே காலம் கழிக்கிறவனுக்கு அந்தச் சொல் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். சிங்கள வாடிக்கையாளர்கள் நானாவிடம் சொல்லி நூறு தடவை என் காதில் விழுந்த சொல்தான். அன்று எனக்கு அப்படிக் கேட்கவில்லை. குமாஸ்தா படத்தை எடுத்து இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினார். முகம் தெரிகிற படம் ஒன்று கொண்டுவந்தால் மேலிடத்துக்கு அனுப்பலாம், கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கள் ஊருக்கே போய்ப் பார்த்துவிடலாமே?" என்றும் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு அது ஏன் முடியாது என்று தெரியவில்லை.

ஹட்டனுக்குத் திரும்பி வந்து கமலத்துக்கே எழுதினேன். நடந்ததையெல்லாம் எழுதினேன். சரோஜாவைப் பற்றி எழுதும்போது பொய் சொல்லவில்லை, உன் முகம் எனக்குத் தெரியாது என்றே எழுதினேன். தழும்போடு இருக்கிற படம் ஒன்று வேண்டும், பென்சிலால் ஒரு புள்ளிகூடத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். முசிறியில் ஸ்டூடியோ இருக்கிறது, அம்மாவோடு போய் ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பு என்று கெஞ்சினேன்.

பதில் நேற்று வந்தது.

"அன்புள்ள அப்பாவுக்கு. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் படம் எடுத்துக்கொள்ள மாட்டேன். படத்தில் பார்த்தால் தழும்பு மட்டும்தான் தெரியும். நீங்கள் வந்து பாருங்கள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் ஊரில் எல்லோரும் சுகமா? உங்கள் முதலாளியை விசாரித்ததாகச் சொல்லவும். இப்படிக்கு, கமலம்."

இன்று கடையில் கூட்டம் இல்லை. பதில் எழுத உட்கார்ந்தேன். வருகிறேன் என்று எழுத முடியாது, வரமாட்டேன் என்றும் எழுத முடியாது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். நானா சுகம். எதிர்க் கடைக்காரர் சுகம். பேச்சாயி போன வாரம் பேரப்பிள்ளையைப் படம் எடுக்கக் கூட்டிவந்தாள், அவளும் சுகம். அவள் "உங்கள் ஊரில்" என்று கேட்டிருந்தாள்; இவர்களையெல்லாம் எந்த ஊர்க்காரர்கள் என்று எழுதுவது? "எங்கள்" என்று தொடங்கினேன். அடுத்து "ஊரில்" என்று எழுதக் கை ஓடவில்லை. அதை அடித்துவிட்டு "இந்த" என்று மாற்றலாம் என்று நினைத்தேன், அடிக்கவும் முடியவில்லை. தபால் எடுக்கும் நேரம் கடந்துவிட்டது. அந்த ஒரே சொல்லோடு தாள் மேசைமேல் கிடக்கிறது.